மாடஸ்டி பிளைஸிக்கு ஏன் இத்தனை முகங்கள்?

கேள்வி: பிரிட்டிஷ் உளவுக் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைஸியின் ஆங்கிலத் தொகுப்புகளில் 'க்ரீன் கோப்ரா' என்ற புத்தகம் வாங்கினேன். உள்ளே மூன்று கதைகள். அதில் ஒரு கதையின் நடுவிலேயே மாடஸ்டியின் முகம் மாறிவிடுகிறது. இது அச்சுக் குளறுபடியா? மொத்தம் எத்தனை பேர் இந்தத் தொடரை வரைந்திருக்கிறார்கள்? அசல் மாடஸ்டி யாருடையது? எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

பதில்:

அச்சுக் குளறுபடி இல்லை. பைண்டிங்கில் பக்கம் மாறவும் இல்லை. நீங்கள் சொல்வது 'ஈவ் அண்ட் ஆடம்' கதை. அதை வரைய ஆரம்பித்தவர் ஜான் பர்ன்ஸ், முடித்தவர் பாட்ரிக் ரைட். இது புத்தகத்துக்காக வரைந்த கதை அல்ல. லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' மாலைப் பத்திரிகையில் நாளுக்கு ஒரு ஸ்ட்ரிப்பாக, அதாவது ஒரே வரிசையில் சில படக்கட்டங்களாக, வந்தது. ஓவியர் மாறினால் அடுத்த நாள் பேப்பரில் புது ஆளின் கைவண்ணம் வந்துவிடும், கதை முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. தினம் மூன்று கட்டம் மட்டுமே பார்த்த வாசகருக்கு அது லேசாக உறுத்தியிருக்கும். நீங்கள் ஒரே உட்காரலில் படிப்பதால் பளிச்சென்று தெரிகிறது.

இந்தத் தொடர் 1963 மே 13-ல் தொடங்கி 2001 ஏப்ரல் 11-ல் முடிந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரிப்புகள். இத்தனையையும் எழுதியவர் ஒரே ஆள், பீட்டர் ஓடானல். கடைசி ஸ்ட்ரிப் வெளியான நாள் அவருடைய 81-வது பிறந்தநாள். வரைந்தவர்களோ ஐந்து பேர்: ஜிம் ஹோல்டவே, என்ரிக் ரொமேரோ, ஜான் பர்ன்ஸ், பாட்ரிக் ரைட், நெவில் கால்வின். இதில் ரொமேரோ மட்டும் இரண்டு முறை. எழுதும் கை மாறாமல் வரையும் கை மட்டும் மாறியதுதான் இந்தத் தொடரின் விசேஷம். ஓவியர் என்பவர் ஒரு கதைக்கு உண்மையில் என்ன செய்கிறார் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தொடர் உளவுக் காமிக்ஸில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்றத் தொடர்களைப் பாருங்கள். நம் ஊரில் ரகசிய ஏஜெண்ட் காரிகன் என்று அறிமுகமானவர் அமெரிக்காவில் 1934-ல் 'சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9' என்ற பெயரில் பிறந்தார். முதலில் எழுதியவர் டேஷியல் ஹாமெட், வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். சீக்கிரமே இருவரும் விலகினார்கள். அதன் பிறகு எழுதுபவரும் மாறினார், வரைபவரும் மாறினார். அந்த நாயகனுக்கு ஃபில் காரிகன் என்று பெயர் வைத்ததே நாற்பதுகளில் வந்த மெல் கிராஃப்தான். 1967-லிருந்து ஆர்ச்சி குட்வின் எழுத அல் வில்லியம்சன் வரைந்த காரிகனை ஹாமெட்டின் எக்ஸ்-9 நேரில் பார்த்தால் யாரென்றே தெரியாமல் கடந்து போவார். அங்கே மாறியது முகமா குணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜேம்ஸ் பாண்ட் ஸ்ட்ரிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1958 ஜூலையில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்'ஸில் ஆரம்பித்தது. ஜான் மெக்லஸ்கி வரைந்தார். பாண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கே ஒரு படம் வரைய வைத்துக் கொடுத்தார். மெக்லஸ்கிக்கு அது போருக்கு முந்தைய காலத்து முகமாகத் தோன்றியது. இன்னும் முரட்டுத்தனமான ஒரு முகத்தைத் தானே உருவாக்கிக்கொண்டார். 1962-ல் ஃபிளெமிங் ஒரு சிறுகதையைப் போட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட, எக்ஸ்பிரஸ் முதலாளி பீவர்புரூக்குக்குக் கோபம் வந்து, ஓடிக்கொண்டிருந்த 'தண்டர்பால்' அவசர அவசரமாக முடித்துவைக்கப்பட்டது. 1966-ல் ஜிம் லாரன்ஸ் எழுத யாரோஸ்லாவ் ஹோராக் வரைய வந்தார். அன்றிலிருந்து அது வேறு தொடர் என்றே சொல்லலாம். ஹோராக்கின் கோடுகள் கரடுமுரடானவை, பாண்டின் கன்னத்தில் நிழல் கத்திக் கீறல் மாதிரி விழும். எனக்குப் பிடித்த பாண்ட் அவர் வரைந்ததுதான். ஆனால் அந்தப் பிடித்தத்தில் ஹோராக்குக்கு எவ்வளவு பங்கு, லாரன்ஸுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை.

சரி, மாடஸ்டிக்கு வருவோம். அந்த பாண்ட் ஸ்ட்ரிப்பில் 'டாக்டர் நோ' நாவலைக் காமிக்ஸாக மாற்றி எழுதியவரும் ஓடானல்தான், 1960-ல். அப்போது அவர் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் 'ரோமியோ பிரவுன்' என்ற நகைச்சுவைத் துப்பறியும் தொடரையும் எழுதிக்கொண்டிருந்தார். அதை வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. பிறகு எக்ஸ்பிரஸ்காரர்கள் ஓடானலிடம் புதுத் தொடர் கேட்டபோது அவர் மனத்தில் இருந்தது இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நினைவு. 1942-ல் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தபோது, வடக்கு ஈரானில் தனியாக நடந்துபோன ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். பன்னிரண்டு வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் தொங்கிய ஒரு மரத்துண்டில் ஆணியைக் கம்பியால் கட்டி ஆயுதமாக வைத்திருந்தாள். அவர்கள் கொடுத்த உணவைச் சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பி வைத்தாள், ஒரு புன்னகையோடு போய்விட்டாள். மாடஸ்டியின் பிள்ளைப் பருவம் அப்படியே அங்கிருந்து வந்தது. ஊர் பேர் தெரியாத அகதிக் குழந்தை வளர்ந்து 'நெட்வொர்க்' என்ற குற்றக் கூட்டத்தின் தலைவி ஆகிறாள். பணம் சேர்த்து இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரன்ட்டுக்கு உதவப் போகிறாள். கூடவே கத்தி வீசும் வில்லி கார்வின்.

முதலில் வரையக் கொடுத்தது 'டான் டேர்' காமிக்ஸ் புகழ் ஃபிராங்க் ஹாம்ப்சனிடம். அன்றைய பிரிட்டனில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. மாதிரி வரைந்து கொடுத்தார். ஓடானல் பார்த்துவிட்டு, இது என் மாடஸ்டி இல்லை என்று சொல்லி ஹோல்டவேயைக் கேட்டு வாங்கினார். எக்ஸ்பிரஸோ கடைசியில், குடும்பப் பத்திரிகைக்கு ஒரு குற்றவாளிப் பெண் நாயகியா என்று தயங்கிக் கைவிட, அதே குழுமத்தின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் எடுத்துக்கொண்டது. ஆக, அசல் யார் என்ற உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஹோல்டவே. எழுத்தாளரே தேர்ந்தெடுத்து, கூட உட்கார்ந்து உருவாக்கிய முகம் அது.

ஆனால் முகத்தை வைத்து மட்டும் ஓவியர்களை ஒப்பிடாதீர்கள். தினசரி ஸ்ட்ரிப்பின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பெரும்பாலும் மூன்று கட்டம்தான். முதல் கட்டம் நேற்று விட்ட இடத்தை ஞாபகப்படுத்த வேண்டும், நடுக்கட்டம் கதையை நகர்த்த வேண்டும், கடைசிக் கட்டம் நாளைக்கும் பேப்பர் வாங்க வைக்க வேண்டும். இதற்குள் வசனப் பலூன்களுக்கும் இடம் விட வேண்டும், ஓடானல் வசனத்தில் சிக்கனக்காரர் இல்லை. தொகுப்பாகப் படிக்கும்போது ஒரே செய்தி அடுத்தடுத்து இரண்டு முறை வருவது போல உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான். இந்த மூன்று கட்ட நெருக்கடியை ஒவ்வொருவரும் எப்படிச் சமாளித்தார் என்பதில்தான் அவரவர் தரம் இருக்கிறது.

ஹோல்டவே சமாளித்தது கறுப்பை வைத்து. ஒரு கோட், ஒரு கதவு, ஒரு காரின் நிழல் என்று எதையாவது முழுக் கறுப்பாக்கிக் கண்ணைச் சரியான இடத்துக்கு இழுத்துப் போவார். மிச்சமெல்லாம் மெல்லிய பேனாக் கோடு. அவருடைய மாடஸ்டி பேரழகி இல்லை. கொஞ்சம் நீண்ட கழுத்து, அரைக்கண் பார்வை, எதிரில் இருப்பவனை எடை போட்டு முடித்துவிட்ட ஒரு அமைதி. சண்டை வரும்போது அந்த அமைதி கலையாது. கொண்டைக்குள் செருகி வைத்திருக்கும் 'கொங்கோ' என்ற சின்ன மரக்கட்டையை உருவி ஒரு நரம்பில் தட்டுவாள், அடுத்த கட்டத்தில் ஆள் தரையில். அடி விழும் கணத்தை அவர் பல தடவை காட்டவே மாட்டார். முன்னாலும் பின்னாலும் மட்டும் காட்டுவார், நடுவில் நடந்ததை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். துணைப் பாத்திரங்களிலும் அதே அக்கறை. ஒரே கட்டம் வந்து போகும் ஹோட்டல் சிப்பந்திக்கும் தனி முகம் இருக்கும்.

1970 பிப்ரவரியில் ஜப்பானில் நடக்கும் 'வார்லார்ட்ஸ் ஆஃப் ஃபீனிக்ஸ்' கதை பாதியில் இருக்கும்போது ஹோல்டவே திடீரென்று இறந்துபோனார். வயது நாற்பதுகளின் தொடக்கம்தான். பத்திரிகை ஒரு நாளும் நிற்காது என்பதால் பார்சிலோனாவைச் சேர்ந்த ரொமேரோவை அவசரமாகப் பிடித்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஓடானல் எழுதியதை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துக் கொடுத்து வரைய வைத்தார்கள். ஆரம்பத்தில் அவர் ஹோல்டவேயைப் போலவே வரைய முயன்றிருக்கிறார். கை மாறும் இடத்தை 'ஹெல் மேக்கர்ஸ்' தொகுப்பில் தேடிப் பாருங்கள். 'ஈவ் அண்ட் ஆடம்' போல அங்கே முகம் அடித்தாற்போல் மாறாது. கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும், ஓரிடத்தில் இது வேறு ஆள் என்று உங்களுக்கே பட்டுவிடும்.

தன் பாணிக்கு வந்த பிறகு ரொமேரோ மாடஸ்டியை அழகியாக்கினார். கூந்தல், உதடு, உடை எல்லாம் எழுபதுகளின் ஃபேஷன் பத்திரிகையிலிருந்து வந்தவை. பெரும்பாலான வாசகர்கள் மனத்தில் இன்று இருக்கும் மாடஸ்டி இவர் வரைந்தவள்தான், எண்ணிக்கையிலும் இவர் வரைந்ததே அதிகம். என் குறை ஒன்றுதான். அவருடைய பாத்திரங்கள் அடிக்கடி வாசகருக்காக போஸ் கொடுக்கும். துப்பாக்கி முனையில் நிற்கும்போதுகூட மாடஸ்டி கொஞ்சம் திரும்பி நம்மைப் பார்த்து நிற்பது போல இருக்கும். ஓடானலின் கதைகளில் அவளும் வில்லியும் ஆபத்தில் எவ்வளவு கச்சிதமாக நடந்துகொள்வார்கள் என்பது முக்கியம். அந்தக் கச்சிதத்தோடு இந்த போஸ் ஒட்டுவதில்லை.

1978-ல் ரொமேரோ 'தி சன்' பத்திரிகையில் 'ஆக்ஸா' என்ற புதுத் தொடருக்குப் போய்விட்டார். அடுத்து ஜான் பர்ன்ஸ். பிற்காலத்தில் '2000 ஏடி' இதழில் 'ஜட்ஜ் ட்ரெட்', 'நிக்கோலாய் டான்டே' வரைந்தவர். அவர் தூரிகை கட்டத்துக்குள் அடங்காது. காற்று, தண்ணீர், முடி, துணி எல்லாம் ஒரே வீச்சில் ஓடும். 'யெல்லோஸ்டோன் பூட்டி', 'க்ரீன் கோப்ரா', பிறகு 'ஈவ் அண்ட் ஆடம்' பாதி. அவ்வளவுதான், மாற்றிவிட்டார்கள். இன்னும் ஐந்தாறு கதை கொடுத்திருந்தால் ஹோல்டவேக்கு அடுத்த இடம் அவருக்குத்தான் என்பது என் எண்ணம். உலகம் அழியப்போகிறது என்று நம்பும் ஒரு கோடீஸ்வரன், புது உலகத்துக்கு ஆதாம் ஏவாளாக மாடஸ்டியையும் வில்லியையும் பிடித்து அடைத்து வைக்கும் கதைதான் 'ஈவ் அண்ட் ஆடம்'. பாதி வரை வெயிலும் மணலும் கண்ணில் குத்தும், ரைட் வந்ததும் வெயில் இறங்கிவிடும். அவர் அந்தப் பாதியையும் அடுத்து 'பிரெத்ரன் ஆஃப் பிளைஸ்' என்ற கதையையும் வரைந்தார். மோசமில்லை, விறைப்பாக இருக்கும். நீங்கள் வாங்கிய புத்தகத்தில் இருக்கும் மூன்று கதைகளும் இவை இரண்டும் 'க்ரீன் கோப்ரா'வும்தான். மொத்தத் தொடரில் மிகவும் தடுமாறிய கட்டத்தைத்தான் முதல் புத்தகமாகப் பிடித்திருக்கிறீர்கள்.

1980-ல் நெவில் கால்வின். நியூசிலாந்துக்காரர், அரசியல் கார்ட்டூன் போட்டுப் பழகிய கை, வந்தபோதே அறுபதைத் தாண்டியவர். முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காது. மாடஸ்டியின் முகம் கட்டத்துக்குக் கட்டம் சற்று மாறும், கோடுகள் கிறுக்கியது போல இருக்கும். நம் வாசகர்களில் பலர் அவர் கதை என்றாலே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து உடம்புகளைப் பாருங்கள். யார் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறார், அடி எங்கிருந்து கிளம்புகிறது, அடி வாங்கியவன் எந்தப் பக்கம் சரிகிறான் என்பதை இவரைப் போலத் துல்லியமாக வரைந்தவர் ஐவரில் யாருமில்லை. சின்னக் கட்டத்துக்குள் கூட்டத்தை அடைப்பதிலும் கில்லாடி. ஆறு வருஷத்தில் பதினாறு கதைகள். இந்தியாவில் நடக்கும் 'காளி'ஸ் டிசைப்பிள்ஸ்' இவர் வரைந்ததுதான். 1986-ல் 'ஆக்ஸா' நின்றதும் ரொமேரோ திரும்பி வந்து 2001-ல் கடைசிக் கதையான 'தி சோம்பி' வரைக்கும் அவரே வரைந்தார். இந்த இரண்டாவது சுற்றில் கதைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் பின்னணிகள் காலியாகிக்கொண்டே போகின்றன.

இத்தனை கை மாறியும் அவள் அதே மாடஸ்டியாக இருப்பதற்குக் காரணம் ஓடானலின் பிடிவாதம். அவளும் வில்லியும் காதலர்கள் ஆக மாட்டார்கள், அவர் கடைசி வரை அதை மீறவில்லை. வேறு யாரும் எழுத அவர் விடவில்லை. வில்லனுக்கும் ஒரு நியாயம், ஒரு கிறுக்கு, ஒரு பேச்சு வழக்கு என்று தனியாகக் கொடுத்துவிடுவார். அதனால் ஓவியர் சொதப்பினாலும் ஆள் யாரென்று பேச்சிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் நமக்கு இந்த மாற்றம் பெரிதாக உறைக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஆண்டு ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியது. லயனில் மாடஸ்டி கதைகள் பிரிட்டனில் வந்த வரிசைப்படி வரவில்லை. ஹோல்டவே, ரொமேரோ, கால்வின் என்று கலந்துகட்டியே வந்தன. வில்லி அவளைக் கூப்பிடுவதை வைத்து எல்லோரும் 'இளவரசி' என்றே பழகிவிட்டோம், முகம் எப்படியிருந்தாலும் கொண்டை இருந்தால் இளவரசி. ஸ்வீடனிலும் இவளுக்குப் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. அங்கே 'ஏஜெண்ட் எக்ஸ்9' என்ற மாத இதழ் பல உளவுத் தொடர்களைச் சேர்த்துப் போட்டுவந்தது. பெயர் காரிகனுடையது, நட்சத்திரம் மாடஸ்டி. ஸ்ட்ரிப் நின்ற பிறகு ரொமேரோ வரைந்த 'டார்க் ஏஞ்சல்ஸ்' வந்ததும் அதில்தான்.

வேண்டுமென்றே ஓவியரை மாற்றிப் பார்க்கும் தொடர் ஒன்றும் இருக்கிறது. தமிழில் 'இரத்தப் படலம்' என்று வந்த ஐரோப்பியக் காமிக்ஸ் தொடரான XIII-ஐ, அதைப் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதை வில்லியம் வான்ஸ் வரைந்தார். 'தி ஐரிஷ் வெர்ஷன்' என்ற ஒரே ஒரு பாகத்தை மட்டும் 2007-ல் ழான் ஜிரோ வரைந்தார். அடுத்த வருஷம் 'XIII மிஸ்டரி' என்ற கிளைத்தொடர் ஆரம்பித்தது. துணைப் பாத்திரம் ஒன்றுக்கு ஓர் ஆல்பம், ஒவ்வொன்றுக்கும் வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது, பதின்மூன்றோடு நிறுத்தம். முதல் ஆல்பம் மங்கூஸ், ரால்ஃப் மெயர் வரைந்தது. கர்னல் ஆமோஸை ஃபிரான்சுவா பூக் வரைந்தார், பெட்டி என்ற பெண் பாத்திரத்தை சில்வைன் வாலே. 2018-ல் வந்த கடைசி ஆல்பத்துக்கு மூலக் கதாசிரியர் வான் ஹாம்மே தானே திரும்பி வந்தார், வரைந்தவர் ஒலிவியே கிரென்சன். இவர்கள் யாரும் வான்ஸைப் போல வரைய வேண்டியிருக்கவில்லை. கதை வேறு ஆளின் கடந்த காலம் என்பதால் முகம் மாறினாலும் உறுத்தாது. மாடஸ்டியில் விபத்தாக நடந்ததை இங்கே திட்டமாகச் செய்திருக்கிறார்கள். ஆல்பங்களின் தரம் ஏறி இறங்குகிறது. ஓவியத்துக்காக மட்டும் என்றால் மங்கூஸை முதலில் எடுங்கள்.

இப்போது படிக்கும் வரிசை. டைட்டன் நிறுவனம் 2004-லிருந்து 2017 வரை மாடஸ்டியின் எல்லாக் கதைகளையும் முப்பது புத்தகங்களாகப் போட்டது. உங்களுடையது பதினான்காவது. முதல் புத்தகம் 'கேப்ரியல் செட்-அப்'. முதல் கதையான 'லா மெஷின்', கூடவே அவள் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் 'இன் தி பிகினிங்' எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இரண்டாவதான 'மிஸ்டர் சன்' எடுங்கள், ஹோல்டவே முழு பலத்தில் இருக்கும் புத்தகம். அப்புறம் நேராக ஆறாவதான 'ஹெல் மேக்கர்ஸ்', கை மாறும் இடத்துக்காக. ரொமேரோவின் முதல் சுற்றில் 'கேலோஸ் பேர்ட்' தொகுப்பு போதும். கால்வினுக்கு 'ஸ்கார்லெட் மெய்டன்'. அதற்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் 'க்ரீன் கோப்ரா'வைத் திரும்பப் படியுங்கள். பர்ன்ஸ் எங்கே விட்டார், ரைட் எங்கே எடுத்தார் என்பது இப்போது இன்னும் நன்றாகத் தெரியும். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் பேரம் பேசி வாங்குங்கள், சில பாகங்கள் அச்சில் இல்லாததால் விற்பவர்கள் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். நாவல்கள் தனி. ஓடானல் எழுதியவை பதினொரு நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும். கடைசித் தொகுப்பான 'கோப்ரா டிராப்'பை மட்டும், காமிக்ஸ் முழுவதும் முடித்த பிறகே கையில் எடுங்கள்.